உடைசலில் எழும்பிய வீடுகள்

சென்ற முறை நமது சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சேதாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் வண்டு விழுந்த கணக்கைச் சொன்னார். எண்ணெய் வியாபாரி ஒழுகல் கணக்கைச் சொன்னார். என் முறை வந்தபோது, "உங்களுக்கென்ன, உடைந்தால் உடைந்ததுதான், அள்ளிக் கொட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே" என்று ஒருவர் சிரித்தார். "அப்படி அள்ளிக் கொட்டியதில்தான் அண்ணாச்சி, உலகத்தில் சில பேர் வீடே கட்டியிருக்கிறார்கள்" என்றேன். யாரும் நம்பவில்லை. அதையே எழுதிக் கொடுங்கள் என்று இதழ் பொறுப்பாளர் பிடித்துக்கொண்டார். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத தொழில். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கடை மதுரையில் என் தகப்பனார் காலத்திலிருந்து நடக்கும் பீங்கான், கண்ணாடிச் சரக்கு மொத்தக் கடை. கப்பு சாசர் குர்ஜாவிலிருந்து வரும். டம்ளர் பிரோசாபாத்திலிருந்து வரும். ஊறுகாய் ஜாடி விருத்தாசலத்திலிருந்து வரும். அந்த நாளில் மரப்பெட்டியிலும் சாக்கிலும் வைக்கோல் திணித்து அனுப்புவார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் ஆடி வந்த பெட்டியைத் திறக்கும்போது, வைக்கோலைத் தொடுவதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சேதம் எவ்வளவு என்று என் தகப்பனார் சொல்லிவிடுவார். பெட்டியை லேசாக ஒரு முறை அசைப்பார். சலங்கைச் சத்தம் கேட்டால், "போச்சுடா, ரெண்டு டஜன்" என்பார். கணக்குப்பிள்ளை எண்ணிப் பார்த்தால் இருபத்துமூன்று இருக்கும், இல்லாவிட்டால் இருபத்தைந்து இருக்கும்.

இந்த உடைசலை என்ன செய்வது? நம் ஊரில் இதற்கு இரண்டு உபயோகம் உண்டு. பாட்டில், டம்ளர் உடைசலைக் காம்பவுண்டுச் சுவரின் மேல் சிமெண்டில் நட்டு வைப்பார்கள், திருடன் ஏறாமல் இருக்க. வெள்ளை ஓட்டு உடைசலை மொட்டை மாடியில் பதிப்பார்கள், வெயில் இறங்காமல் இருக்க. கப்பு சாசர் உடைசல் இரண்டுக்கும் ஆகாது. வளைவாக இருப்பதால் தரைக்கு உதவாது. திருடனைத் தடுக்கும் கூர்மையும் போதாது. ஆகவே வாரம் ஒரு முறை குப்பை வண்டிக்காரருக்குக் காசு கொடுத்து அதை அப்புறப்படுத்தி வந்தோம். நாம் காசு கொடுத்து வெளியேற்றும் சரக்கு என்றால் நம் தொழிலில் அது ஒன்றுதான்.

இதைத்தான் பிரான்சு தேசத்தில் ஒருவர் வீடு முழுக்கப் பதித்தார். பாரீசுக்குத் தென்மேற்கே சார்த்ர் என்று ஓர் ஊர். பெரிய மாதா கோவிலுக்குப் பெயர் போனது. அங்கே ரெமோன் இசிதோர் என்பவர் 1900-ல் பிறந்தவர். கல்லறைத் தோட்டத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். கொஞ்சம் நிலம் வாங்கித் தன் கையாலேயே சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டார். வயல் வழியாக நடந்து போகும்போது மண்ணில் மின்னும் பீங்கான் துண்டுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி வந்து குவித்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாதாம். நிறம் நன்றாக இருந்தது, எடுத்தார். 1938 வாக்கில் வீட்டுக்குள் சுவரில் பதிக்க ஆரம்பித்தார். உள்சுவர் முடிந்தது, தரை முடிந்தது, வெளிச்சுவர் முடிந்தது. பிறகு அடுப்பு. பிறகு கட்டில். பிறகு மனைவியின் தையல் மெஷின்! தையல் மெஷினில் கப்பு உடைசலைப் பதித்த மனிதனுக்குச் சோறு போட்ட அந்த அம்மாளைத்தான் நான் முதலில் கும்பிடுவேன்.

முற்றம், பிரார்த்தனைக் கூடம், தோட்டம் என்று 1964-ல் அவர் காலமாகும் வரை அந்த இடம் வளர்ந்துகொண்டே போனது. அவர் செலவிட்ட நேரம் 29,000 மணி என்றும், பதித்த உடைசல் 15 டன் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். 15 டன் என்றால் நம் பாஷையில் பத்துச் சக்கர லாரி ஒன்றின் முழு லோடு. ஊரார் அவருக்கு 'பிக்காசியேத்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் அடுத்தவன் தட்டில் கை வைக்கிறவன், ஓசிச் சாப்பாட்டுக்காரன் என்று கேலி. அதற்குள்ளேயே பிக்காசோ என்ற பெரிய ஓவியரின் பெயரும் ஒலிக்கிறது. கேலிப் பெயரே பிற்பாடு வீட்டின் பெயராக நிலைத்துவிட்டது. 1981-ல் நகரசபை வீட்டை வாங்கியது. 1983-ல் அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

இவருக்கு முன்னாலேயே அந்தத் தேசத்தில் ஒரு தபால்காரர் இருந்தார். பெயர் பெர்டினாண்ட் செவால். ஓத்ரீவ் என்ற கிராமத்தில் தினம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து தபால் கொடுப்பவர். 1879-ல், அவருடைய நாற்பத்துமூன்றாவது வயதில், நடைபாதையில் ஒரு கல் தடுக்கிற்று. எடுத்துப் பார்த்தார், உருவம் விசித்திரமாக இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளும் அதே இடத்தில் தேடினார். பை போதாமல் கூடை எடுத்தார், கூடை போதாமல் ஒற்றைச் சக்கர வண்டி எடுத்தார். பகலில் தபால், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கட்டட வேலை. தான் கொண்டு போய்க் கொடுக்கும் படத் தபால் அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் பார்த்ததையெல்லாம் கட்டினார். ஒரு பக்கம் இந்துக் கோவில், ஒரு பக்கம் மசூதி, மூன்று பூதாகாரமான ஆள் உருவங்கள். நம் தேசத்தைக் கண்ணால் பார்த்தவரில்லை. கட்டடத்தின் நீளம் 26 மீட்டர். கொத்து வேலை படித்தவரும் இல்லை. தபால் வேலைக்கு வருமுன் ரொட்டி சுடும் தொழில் செய்தவர்.

அவரிடம் எனக்குப் பிடித்தது கணக்கு. 1879 முதல் 1912 வரை, 33 வருஷம், 10,000 நாள், 93,000 மணி என்று சுவரிலேயே எழுதி வைத்துவிட்டார். நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல் வருகிறது. முப்பது கிலோமீட்டர் நடந்த பிறகு! வேலையிலிருந்து ஓய்வு பெற்றது 1896-ல்தான் என்பதால், முதல் பதினேழு வருஷம் மனிதர் எப்போது தூங்கினார் என்பது எனக்கு விளங்கவில்லை. சுண்ணாம்பும் சிமெண்டுமாக ஏறத்தாழ 3,500 மூட்டை பிடித்தது என்றும் அவரே குறித்திருக்கிறார். கல் இனாம், கூலி இனாம், மூட்டைக்கு மட்டும் ரொக்கம். அந்த ஊர்ச் சுண்ணாம்பு வியாபாரி அவரைப் பைத்தியம் என்று சொல்லியிருக்க மாட்டார் என்பது என் துணிபு. தன்னை அதற்குள்ளேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். சட்டம் இடம் கொடுக்கவில்லை. எண்பது வயதை நெருங்கும் சமயம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எட்டு வருஷம் பாடுபட்டுத் தன் சமாதியையும் தானே கட்டி முடித்து, 1924-ல் அதில் அடங்கினார். 1969-ல் அரசாங்கம் அவர் கட்டியதை நாட்டின் சின்னமாக ஏற்றது. அந்த ஒற்றைச் சக்கர வண்டிக்கும் கட்டடத்துக்குள் ஒரு மாடம் கட்டி வைத்திருக்கிறார். நம் கடையில் தராசுக்குச் சந்தனம் வைக்கிறோமே, அது மாதிரி.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வாட்ஸ் என்ற பகுதி. அங்கே சைமன் ரோடியா என்ற இத்தாலியக் கூலித் தொழிலாளி 1921-ல் தொடங்கி 33 வருஷம் தனி ஆளாகக் கோபுரங்கள் கட்டினார். இவருக்கும் அதே 33! மிக உயரமானது கிட்டத்தட்ட 100 அடி. சாரம் கட்டவில்லை, வெல்டிங் இல்லை, போல்ட் நட் இல்லை. பக்கத்து ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கம்பியைச் செருகி வளைத்துக்கொண்டு வந்து, கம்பி வலை சுற்றி, சாந்து பூசி, அது காயுமுன் பாட்டில், ஓடு, கிளிஞ்சல், பீங்கான் உடைசல் பதிப்பார். இடுப்பில் ஒரு பெல்ட், கையில் ஒரு வாளி, அவ்வளவுதான். பிறகு 1955-ல் திடீரென்று இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். நகர நிர்வாகம் அபாயம் என்று சொல்லி இடிக்க உத்தரவு போட்டது. நாலு பேர் கூடித் தடுத்தார்கள். 1959-ல் எல்லோர் முன்னிலையிலும் பரீட்சை வைத்தார்கள்: 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் பலத்தில் கோபுரத்தை இழுத்துப் பார்ப்பது. கோபுரம் நின்றது. இழுத்த கருவிதான் கோளாறு கண்டது. உத்தரவு ரத்தாயிற்று.

நம் தேசத்தில் திரு. நேக் சந்த். இவரைப் பலரும் அறிவீர்கள். சண்டிகரில் சாலை இன்ஸ்பெக்டர். புது நகரம் எழுப்ப இடித்த கிராமங்களின் மிச்சத்தைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய், 1958 வாக்கிலிருந்து பதினெட்டு வருஷம் காட்டுக்குள் ரகசியமாகச் சிலைகள் செய்து வைத்தார். இடம் அரசாங்கத்துடையது, வீடு கட்டினாலும் குற்றம், சிலை வைத்தாலும் குற்றம். 1975-ல் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடிக்காமல் விட்டார்கள் என்பது மட்டுமல்ல, 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்து, அவருக்கே சம்பளமும் ஐம்பது ஆளும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார். குர்ஜாவுக்குக் கொள்முதலுக்குப் போன ஒரு தடவை, டில்லியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தேன். உடைந்த வளையலை உடுத்திய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சுவர் முழுக்க உடைந்த கை கழுவும் தொட்டிகள், பீங்கான் மின்சாரச் சாமான்கள். சரக்கின் விலை என்ன போகும் என்று மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. தொழில் புத்தி.

அந்தப் புத்தியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1988 என்று நினைவு. பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என் கடைக்கு வந்தார். வீடு வைகைக்கு வடகரையில். பெயர் வேண்டாம். என் தகப்பனாரை அறிந்தவர். "தம்பி, உடைஞ்ச சாமான் இருந்தா எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். சைக்கிள் கேரியரில் சாக்கு வைத்துக் கொண்டுபோனார். வாரா வாரம் வந்தார். குப்பை வண்டிக் காசு மிச்சம் என்று எனக்குச் சந்தோஷம். நாலைந்து மாதம் சென்றதும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது: ஒரு மனுஷன் வாரம் தவறாமல் வருகிறான் என்றால் அதில் ஏதோ லாபம் இருக்க வேண்டுமே? தேடி வருகிறவன் இருந்தால் சரக்குக்கு விலை உண்டு என்பதுதானே நாம் படித்த பாடம். கிலோ இரண்டு ரூபாய் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கணக்குப்பிள்ளை 'உடைசல் வகை வரவு' என்று தனியாக ஒரு பக்கம் போட்டார். ஏழு வருஷம் அந்தப் பக்கம் ஓடியது.

1996-ல் அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். கைகழுவுகிற இடத்தில் பையன்கள் 'கோப்பை வீடு' என்று ஏதோ பேசிக்கொண்டார்கள். கேட்டேன், கூட்டிப் போய்க் காட்டினார்கள். பெரியவரின் வீடு.

தெருச் சுவர் முழுவதும் சாசர். நடுவில் முழுச் சாசரின் அடிப்பாகம் ஒன்று, சுற்றிலும் உடைந்த விளிம்புகள், பார்த்தால் பூ. கிணற்றுச் சுவர், துவைக்கிற கல்லைச் சுற்றிய மேடை, மாடிப்படி, எல்லாம் அப்படியே. கொல்லையில் கம்பியும் சிமெண்டும் கொண்டு மூன்று அடுக்கில் ஒரு புறாக்கூண்டு எழுப்பியிருந்தார், ஒன்றரை ஆள் உயரம் இருக்கும். சமையல்கட்டுச் சுவரில் கப்பு உடைசலைக் கைப்பிடியோடு பதித்து, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கரண்டி, ஜல்லடை, துணிப்பை எல்லாம் அதில் தொங்கின. அம்மாவைக் கேட்டேன், சௌகரியமா என்று. "சோறு திங்க வீட்ல ஒரு முழுத்தட்டு கிடையாது, சுவரெல்லாம் தட்டு. நல்லாக் கேட்டீங்க" என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

வேலை முறையை அவர் விளக்கினார். கப்பில் உள்ளும் புறமும் பளபளப்பு ஏற்றியிருப்பதால் சாந்து அந்த முகத்தில் பிடிக்காது. உடைந்த ஓரத்தில்தான் பிடிக்கும். அதனால் குறடால் கடித்து ஓரத்தை மேலும் கரடாக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, பூச்சு இறுகத் தொடங்கும் பதத்தில் ஆழமாக அமுக்க வேண்டும். சீக்கிரம் வைத்தால் வழியும், தாமதித்தால் ஒட்டாது. ஒரு பூச்சுக்கு ஒரு கை அகல இடம்தான் எடுத்துக்கொள்வாராம். இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் தேய்த்து, காய்வதற்குள் ஈரச் சாக்கால் துடைக்க வேண்டும். மில்லில் முப்பது வருஷம் நூலின் பதம் பார்த்த கை. கொத்தனாரை ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை.

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீல விளிம்பு போட்ட சாசர் ஒன்று. அது 1989-ல் லாரி கவிழ்ந்து பதினொரு பெட்டி போனதே, அந்தச் சரக்கு. இன்ஷூரன்சுக்கு நடையாய் நடந்து, வந்தது பாதிதான். அன்றைக்கு என் தகப்பனார் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஆரஞ்சுக் கோடு போட்டது தீபாவளிக்கு வந்து விலை போகாமல் நின்ற டிசைன். ரோஜாப்பூ போட்ட கப்பு என் தங்கை கல்யாணச் சீருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததில் கைதவறி உடைந்தது. எங்கள் கடையின் நஷ்டக் கணக்கு முழுவதும் வரிசையாக, வருஷ வாரியாக, அந்த மனிதர் வீட்டுச் சுவரில் இருந்தது. பேரேட்டில்கூட அவ்வளவு தெளிவாக இருக்காது.

வெட்கமாக இருந்தது. மறுநாள் கணக்குப்பிள்ளையைவிட்டு அந்தப் பக்கத்தைக் கூட்டச் சொன்னேன். ஆயிரத்துச் சொச்சம் வந்தது. கவரில் போட்டு, அடுத்த தடவை வந்தபோது நீட்டினேன். "வாங்கினது வாங்கினதுதான் தம்பி. கணக்கு கணக்காவே இருக்கட்டும். இனிமே சும்மா குடு, போதும்" என்றார். கவரைத் தொடவில்லை. எத்தனையோ பேர் பாக்கியைத் தராமல் என்னைத் தலைகுனிய வைத்திருக்கிறார்கள். தரவேண்டியதை வாங்க மறுத்து ஒருவர் தலைகுனிய வைத்தது அது ஒன்றுதான்.

2007-ல் பெரியவர் தவறிவிட்டார். அம்மா மூத்த மகனோடு வெளியூர் போனார்கள். 2011-ல் வீடு விலையாயிற்று. வாங்கியவர் அடுக்குமாடி கட்டுகிறவர். அதில் தவறு சொல்ல நான் யார்? பணம் போட்டவருக்கு மனைதான் கணக்கு, சுவர் கணக்கில்லை. என் கடை லோடு ஆட்டோக்காரர்தான் வந்து, "அண்ணாச்சி, கோப்பை வீட்டை இடிக்கிறாங்க" என்றார். கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஓடி என்ன? தெருச் சுவர் ஏற்கெனவே தரையில். நீல விளிம்பும் ஆரஞ்சுக் கோடும் டிப்பரில் ஏறிக்கொண்டிருந்தன. புறாக்கூண்டு மட்டும் லேசில் விழவில்லை. பொக்லைன் மூன்று தடவை முட்டியது. மூன்றாவது தடவையும் சாய்ந்ததே தவிர உடையவில்லை. கடைசியில் அடியோடு பெயர்த்துத்தான் எடுத்தார்கள். வாட்ஸ் கோபுரத்தின் கதை அன்றைக்கு எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து என் மகள் கைப்பேசியில் படம் காட்டி வாசித்துச் சொன்னபோது, அந்தப் புறாக்கூண்டுதான் கண் முன்னால் வந்தது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? அங்கே நாலு பேர் கூடினார்கள். இங்கே கூட்டுவதற்கு நான் ஒருவரையும் கேட்கவில்லை. சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு நம் உறுப்பினர்களில் யாராவது கரணையைக் கையில் எடுத்தால், ஒரு வார்த்தை. சுவரில் பதிப்பது வேறு, உயரமாக எழுப்புவது வேறு. என் சொந்தக்காரர் ஒருவர் கடைக்குள் தானே பரண் போடுகிறேன் என்று கொத்தனார் சொல்லக் கேளாமல் கம்பியைக் குறைத்துப் போட்டு, நாற்பது மூட்டை சீனியோடு அது இறங்கிற்று. ஆள் இல்லாத நேரம், பிழைத்தார்கள். பாரம் தாங்குகிற வேலைக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அனுமதி வாங்கவேண்டியதற்கு வாங்குங்கள். உடைசல் பதிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கனமான உறையும் வேண்டும். பெரியவரின் விரல்களில் வெட்டுக்காயம் இல்லாத விரலை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மேஸ்திரிக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து, சமையல்கட்டுச் சுவரில் ஒரு துண்டை முழுசாகப் பெயர்த்து வாங்கினேன். இரண்டரை அடி நீளம், ஆறு கைப்பிடிகள். என் குடோன் சுவரில், பெட்டி இறக்குகிற வாசலுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்து நிறுத்தியிருக்கிறேன். சுமை தூக்குகிற பையன்கள் காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி அதில்தான் மாட்டுகிறார்கள். சென்ற மாதம் ஒரு கைப்பிடி உடைந்துவிட்டது. உடைத்த பையன் பயந்து போய்த் துண்டைக் கையில் எடுத்து வந்து நின்றான். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வெள்ளைச் சிமெண்ட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.